என் படம் கலைப் படைப்பு. அதைத் தயாரிப்பாளர் வெட்டலாமா?

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஓர் இளம் இயக்குநர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவர் எட்டு ஆண்டுகள் உதவி இயக்குநராக இருந்தவர். கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் எல்லாவற்றையும் தானே ஏற்று முதல் படத்தை முடித்திருக்கிறார். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன மகன் அங்கேயே இறந்துவிடுகிறான். அவனுடைய உடலைப் பெற்றுக்கொள்ள, விமான நிலையத்தின் சரக்குப் பிரிவு வாசலில் ஒரு தாய் காத்திருக்கும் ஒரு பகலும் ஓர் இரவும்தான் படம். ஓடும் நேரம் 112 நிமிடங்கள். பாட்டு இல்லை, சண்டை இல்லை. பணம் போட்டவர் நண்பரின் மாமா, வியாபாரி, இதற்காக ஒரு மனையை விற்றிருக்கிறார். இருவருக்கும் இடையே மூன்று பக்க ஒப்பந்தம். அதில் இயக்குநர் சம்பளம் என்று ஒரு தொகையும், ‘படத்தின் அனைத்து உரிமைகளும் தயாரிப்பாளரையே சாரும்’ என்று ஒரு வரியும் இருக்கின்றன. திரைக்கதையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

தணிக்கைச் சான்றிதழ் வாங்கியாயிற்று. வெளிநாட்டுத் திரைப்பட விழா ஒன்றும் படத்தைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் விநியோகஸ்தர்கள் யாரும் கைகொடுக்கவில்லை. தயாரிப்பாளர் வேறொரு எடிட்டரை வைத்துப் படத்தை 91 நிமிடங்களாகக் குறைத்து, நடுவில் ஒரு பாடலைச் சேர்த்து, மகனை அனுப்பிவைத்த ஏஜென்டை அந்தத் தாய் மன்னித்துவிட்டதாக முடிவில் ஒரு பின்னணிக் குரலையும் போட்டுவிட்டார். அடுத்த மாதம் வெளியீடு.

கடிதத்தில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. என் படம் கலைப் படைப்பு. கலையைச் சட்டம் காக்கும் அல்லவா? படத்தை உருவாக்கியவன் நான், பதிப்புரிமை எனக்குத்தானே? முழுப் படமும் என் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. அதை யூடியூபில் ஏற்றிவிடட்டுமா? எதுவும் முடியாதென்றால் என் பெயரையாவது எடுத்துவிடச் சொல்லலாமா? கடைசி வரி இது: “கலை என்பதற்கு இந்த நாட்டில் மதிப்பே இல்லையா?”

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தில் நீங்கள் விவரித்திருக்கும் கைநாட்டுக் காட்சியை மறுபடியும் மறுபடியும் படித்தேன். குமாஸ்தா நீட்டிய பதிவேட்டில் அந்தத் தாய் கைநாட்டு வைக்கிறாள். கட்டைவிரல் முழுக்க மை. துடைப்பதற்காக முந்தானையை எடுக்கிறாள். எடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொள்கிறாள். முதல் பத்து நிமிடத்துக்குள் மகன் அனுப்பிய பார்சலைப் பிரிக்கும் காட்சி ஒன்று வருகிறது; அதில் இருந்த சேலை இது. விரலைத் தலைமுடியில் தேய்த்துவிட்டு நகர்ந்துபோகிறாள். வசனம் கிடையாது. புதிய வடிவத்தில் ரேகை காகிதத்தில் பதிந்ததும் காட்சி முடிந்துவிடுகிறது. பார்சல் காட்சி முழுவதும் போய்விட்டது. உங்கள் வயிற்றெரிச்சல் நியாயமானது. ஆனால் நீங்கள் இரண்டு கேள்விகளைப் பின்னிப் போட்டிருக்கிறீர்கள். இந்தப் படம் கலையா என்பது ஒன்று. அதை வெட்டவிடாமல் தடுக்கும் உரிமை யாருக்கு என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று நூறு பேர் கையெழுத்திட்டாலும் இரண்டாவது கேள்விக்கு அது விடையாகாது.

சட்டத்தின் கண்ணில் உங்கள் படம்

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எவையெல்லாம் கலைப் படைப்பு என்று பட்டியலிடுகிறது: ஓவியம், சிற்பம், வரைபடம், செதுக்கு வேலை, புகைப்படம், கட்டடக் கலை, கலைநயமுள்ள கைவினை. திரைப்படம் இந்தப் பட்டியலில் இல்லை. அதைத் தனி இனமாக வைத்திருக்கிறார்கள். உங்கள் படப்பிடிப்பில் ஸ்டில் போட்டோகிராபர் எடுத்த ஒற்றைப் படம் சட்டப்படி கலைப் படைப்பு. அதன் ஆசிரியர் அவரே. அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் ஓடிக்கொண்டிருந்த உங்கள் கேமராவின் பதிவுக்கு அந்தப் பெயர் இல்லை. திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர் என்று அதே சட்டத்தின் 2ஆம் பிரிவு சொல்கிறது. படத்தை எடுக்க முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்றவர் எவரோ அவரே தயாரிப்பாளர்.

இதைப் படித்தவுடன் கோபம் வரும். ஆனால் கலைத்தரத்தைச் சட்டம் பார்க்க மறுப்பதை நான் ஒரு குறையாக நினைக்கவில்லை. ஓவியத்துக்குக்கூட, அதில் கலைத்தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாதுகாப்பு உண்டு என்றே சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். நீதிபதி விமர்சகராகிவிட்டால், அவருக்குப் பிடிக்காத படத்தை எடுத்தவர் எங்கே போவார்? உங்கள் படத்தையே மெதுவாக நகர்கிறது என்று ஒரு நீதிபதி தள்ளிவிடலாம். அந்த வாசல் மூடியிருப்பதே நல்லது.

இயக்குநரை விட்டுவிட்டது வேறு விஷயம். அது எனக்கு உடன்பாடில்லாதது. 2010இல் நாடாளுமன்றத்துக்கு வந்த திருத்த மசோதாவில், தலைமை இயக்குநரையும் தயாரிப்பாளரோடு சேர்த்துக் கூட்டு ஆசிரியராக்க ஒரு யோசனை இருந்தது. 2012இல் சட்டம் நிறைவேறியபோது அந்தப் பகுதி காணாமல் போயிற்று. அதன் விளைவை அடுத்த ஆண்டே பார்த்தோம். ‘ஷோலே’யை முப்பரிமாணத்தில் வெளியிடுவதற்கு அதன் இயக்குநர் ரமேஷ் சிப்பி தடை கேட்டார், மும்பை உயர் நீதிமன்றம் தர மறுத்தது. 2014 ஜனவரியில் படம் வெளியானது. 2025 ஆகஸ்டில் நம் திரையரங்குகளுக்கே ஓர் உதாரணம் வந்தது. ‘ராஞ்சனா’வின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முடிவு மாற்றப்பட்டு மறுவெளியீடு கண்டது. இறந்துபோகும் நாயகன் புதிய முடிவில் பிழைத்துக்கொள்கிறான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நடிகர் தனுஷும் பகிரங்கமாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். படம் திரைக்கு வருவது நிற்கவில்லை.

பிரான்சில் நிலைமை வேறு. ஜான் ஹூஸ்டன் 1950இல் கறுப்பு வெள்ளையில் எடுத்த ‘தி அஸ்பால்ட் ஜங்கிள்’ படத்துக்கு, உரிமையை வாங்கிய அமெரிக்க நிறுவனம் வண்ணம் பூசியது. பிரெஞ்சுத் தொலைக்காட்சி ஒன்று அதை ஒளிபரப்ப முனைந்தபோது, மறைந்த இயக்குநரின் வாரிசுகளும் திரைக்கதை ஆசிரியரும் வழக்குத் தொடுத்தார்கள். 1991இல் அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அமெரிக்காவில் அவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. படம் ஒன்றுதான், எந்த நாட்டுக் காகிதத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் விதி மாறிவிட்டது.

கலை என்ற வாதம் இந்தியச் சட்டத்தில் எடுபடும் இடமும் உண்டு. அது தணிக்கை. திரைப்படச் சான்றிதழுக்கான 1991ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், இயன்றவரை படம் அழகியல் மதிப்பும் நல்ல திரைத்தரமும் கொண்டிருப்பதைச் சான்றிதழின் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்கின்றன. காட்சிகளைப் பிய்த்தெடுக்காமல், படத்தை முழுமையாக வைத்து அதன் ஒட்டுமொத்தத் தாக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கின்றன. இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் தன் ஆவணப்படத்துக்காக நடத்திய வழக்கில் 1970இல் தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி ஹிதாயதுல்லா, தணிக்கையை ஏற்றுக்கொண்ட அதே கையோடு, கலைஞனின் சுதந்திரத்துக்கு இடம்விடாத விதிமுறைகளைக் கடிந்துகொண்டார். இந்தக் கவசம் அரசு வெட்டவரும்போது பயன்படும். உங்கள் தயாரிப்பாளர் வெட்டும்போது பயன்படாது. விழாச் சான்றிதழும் அப்படியே. அது பெருமை, உரிமைப் பத்திரம் ஆகாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பணம் போட்டவரைக் கலைக்கு எதிரியாகவே கடிதம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். இந்தியத் திரைக்கலை என்றவுடன் உலகம் முதலில் நினைக்கும் ‘பாதேர் பாஞ்சாலி’ 1955இல் வெளிவந்தது. மனைவியின் நகைகளை அடகு வைத்தும் சத்யஜித் ராயால் அதை முடிக்க முடியவில்லை. முடித்துக் கொடுத்தது மேற்கு வங்க அரசின் பணம். படத்தின் தயாரிப்பாளர் அந்த அரசுதான். கலைஞனின் கையில் உரிமை இல்லாமலேயே பெரும் கலை பிறந்திருக்கிறது. மனையை விற்றவருக்கு ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பயத்தோடு பேசத் தெரிந்தால்தான் உங்கள் படத்தைக் காப்பாற்ற முடியும்.

திரைக்கதை உங்களுடையது

இப்போது உங்களுக்குச் சாதகமான பகுதி. நீங்கள் இயக்குநர் மட்டும் அல்லர்; திரைக்கதையும் வசனமும் எழுதியவர். திரைக்கதை ஓர் இலக்கியப் படைப்பு. அதன் ஆசிரியர் நீங்கள்தான். படத்தில் தயாரிப்பாளருக்குப் பதிப்புரிமை இருப்பது, அந்தப் படத்துக்கு அடிப்படையான படைப்பின் தனிப் பதிப்புரிமையைப் பாதிக்காது என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் 17ஆம் பிரிவிலும் இதை உறுதிப்படுத்தியது.

உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமைகள், எவ்வளவு காலம், எந்தெந்தப் பகுதிகளுக்கு என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்க வேண்டும் என்று 19ஆம் பிரிவு கேட்கிறது. காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் கொள்ள வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் திரைக்கதை என்ற பேச்சே இல்லை. ‘படத்தின் அனைத்து உரிமைகளும்’ என்ற வரி திரைக்கதையையும் இழுத்துக்கொண்டு போகுமா என்பது வாதாடத்தக்க கேள்வி. அதே சமயம், இந்த ஒரு படத்தை எடுத்து வெளியிடுவதற்கு நீங்கள் சம்மதித்தீர்கள் என்பதை மறுக்க முடியாது. எழுதிக் கொடுத்து, நீங்களே இயக்கியும் இருக்கிறீர்கள். ஆகவே ‘திரைக்கதை என்னுடையது, படத்தையே வெளியிடாதே’ என்று போனால் நிற்காது. வேற்றுமொழி மறுஆக்கம், தொடர்ச்சி போன்றவற்றில் உங்கள் கை வலுவாக இருக்கிறது.

வெட்டைப் பொறுத்தவரை உங்களுக்கு உதவக்கூடியது 57ஆம் பிரிவு. பதிப்புரிமையை விற்ற பிறகும் ஆசிரியரிடம் இரண்டு உரிமைகள் தங்கிவிடுகின்றன. இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்வது ஒன்று. தன் பெருமைக்கோ நற்பெயருக்கோ ஊறு வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கவும் இழப்பீடு கேட்கவும் முடிவது மற்றொன்று. எழுத்தாளர் மன்னு பண்டாரியின் நாவல் ஒன்று இந்திப் படமானபோது, கதை சிதைக்கப்பட்டதாக அவர் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 1986இல் இந்தப் பிரிவை விரிவாக அலசியது. எழுத்திலிருந்து திரைக்கு வரும்போது மாற்றங்கள் தேவைப்படும், அதை எழுத்தாளர் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்; ஆனால் படைப்பின் தன்மையையே வேறாக்கிவிட உரிமை வாங்கியவருக்கு அனுமதி இல்லை என்பது அங்கே கிடைத்த பாடம்.

ஆக, உங்கள் நோட்டீஸ் ‘என் படத்தை வெட்டிவிட்டார்கள்’ என்று தொடங்கக் கூடாது. ‘என் திரைக்கதையைச் சிதைத்திருக்கிறார்கள்’ என்று தொடங்க வேண்டும். இருபத்தொரு நிமிடங்கள் குறைந்தது என்று மொத்தமாகச் சொன்னால் நீதிமன்றத்தில் எடுபடாது. எந்த வெட்டு எதைக் கொன்றது என்று காட்ட வேண்டும். கலையா இல்லையா என்று நீங்கள் கேட்டது இங்கேதான் பயன்படப் போகிறது.

எங்கே இருக்கிறது கலை?

பாட்டு இல்லை, சண்டை இல்லை, ஷாட்டுகள் நீளமானவை. அதனால் இது கலைப்படம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை ஏற்க மாட்டேன். பாட்டில்லாத, அசையாத, உயிரில்லாத படங்கள் ஏராளம். பாட்டும் கூத்தும் நிறைந்த படத்திலும் பதறவைக்கும் கலை உண்டு. என்ன இல்லை என்பதை வைத்துக் கலையை நிறுவ முடியாது.

நூறாண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு சோதனை செய்தார். சலனமற்ற ஒரு நடிகரின் முகம். அதையடுத்து ஒரு கிண்ணம் சூப். அதே முகம், அடுத்து ஒரு சவப்பெட்டி. பார்த்தவர்கள் முதலில் பசியையும் பிறகு துயரத்தையும் அந்த முகத்தில் கண்டார்கள். முகம் மாறவேயில்லை. ஒன்றையடுத்து ஒன்றை வைத்ததில் பொருள் பிறந்தது. பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸான் இதற்கு எதிர்த்திசையிலிருந்து வந்தார்: வெட்டாமல் ஓடவிடும் காலத்தில்தான் உலகம் தன் தெளிவின்மையோடு திரைக்கு வருகிறது என்றார். இருவரும் ஒத்துப்போகாதவர்கள். ஆனால் எங்கே வெட்டுவது, எவ்வளவு நேரம் வெட்டாமல் இருப்பது என்பதுதான் திரைப்படக்காரரின் கையில் இருக்கும் பெரிய முடிவு என்பதில் இருவரிடமும் கருத்து வேறுபாடு இல்லை.

நம் உச்ச நீதிமன்றத்தில் ஒருவர் இதைப் பார்த்திருக்கிறார். திரையிசை உரிமை பற்றிய 1977ஆம் ஆண்டு வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர் தனியே எழுதிய குறிப்பில், சினிமா என்பது நீளமான செல்லுலாய்டு சுருளுக்கும், ஒளிப்பதிவு அற்புதத்துக்கும், பாட்டு, ஆட்டம், வசனத்துக்கும், கதைக்கும் நடிப்புக்கும் மேற்பட்டது; பலரின் பங்களிப்பு ஒருங்கிசைந்து உருவாகும் ஒரு முழுமை என்றார். இவ்வளவு அழகாகச் சொன்ன அந்த வழக்கு, இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் எதிராகத்தான் முடிந்தது. அந்த முழுமையின் பலன் தயாரிப்பாளருக்குப் போயிற்று. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வந்துதான் அதைப் பெரிதும் சரிசெய்தது.

உங்கள் படத்துக்கு வருகிறேன். பார்சல் காட்சிக்கும் கைநாட்டுக் காட்சிக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அந்தச் சேலையைப் பார்வையாளர் மறந்திருப்பார். முந்தானையில் அவள் கை நின்றதும் ஞாபகம் வந்துவிடும். யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மகனை இழந்ததை அழாமல் சொல்கிறாள் ஒரு தாய். மை துடைக்கும் சாதாரணச் செயல் அங்கே வேறொன்றாகிவிடுகிறது. பார்சல் காட்சியை எடுத்துவிட்டு கைநாட்டுக் காட்சியை முழுதாக விட்டிருந்தாலும், முடியில் விரலைத் தேய்க்கும் ஒரு கிழவிதான் மிஞ்சியிருப்பாள். உங்கள் படம் கலை என்று நான் நம்புவதற்கு இதுதான் காரணம். இதை எந்தச் சான்றிதழைக் காட்டிலும் தெளிவாக ஒரு நீதிபதிக்கோ மத்தியஸ்தருக்கோ காட்ட முடியும். ஏனென்றால் உங்கள் திரைக்கதைப் பிரதியில் இரண்டு காட்சிகளும் எழுத்தில் இருக்கின்றன என்கிறீர்கள்.

ஆனால் நீக்கப்பட்ட ஒவ்வொரு நிமிடமும் இப்படிப்பட்டதா? நேர்மையாகப் பாருங்கள். 1942இல் இரண்டு படங்கள் வெட்டப்பட்டன. ஆர்சன் வெல்ஸின் ‘தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்’ படத்தை, அவர் பிரேசிலில் இருந்தபோது நிறுவனம் 40 நிமிடங்களுக்கு மேல் குறைத்து, முடிவையும் இதமாக மாற்றியது. இறுதி வடிவத்தின் மீதான உரிமையை அவர் ஒப்பந்தத்தில் முன்பே விட்டுக்கொடுத்திருந்தார். அதே ஆண்டு சார்லி சாப்ளின், 1925இல் தான் எடுத்த ‘தி கோல்ட் ரஷ்’ என்ற மௌனப் படத்தை எடுத்து, வசனத்தை எழுத்தில் காட்டும் தட்டிகளை நீக்கி, தன் குரலில் வர்ணனை சேர்த்து, முடிவில் வரும் முத்தத்தையும் கத்தரித்து மறுவெளியீடு செய்தார். 1919லேயே மூன்று பேரோடு சேர்ந்து சொந்த விநியோக நிறுவனம் தொடங்கிய அவரைத் தடுக்க யாரும் இல்லை. வெட்டு எல்லாம் சிதைவாகாது. யார், எதற்காக வெட்டினார் என்பது முக்கியம். வெல்ஸின் படம் அவ்வளவு வெட்டுப்பட்ட பிறகும் 1972இலும் 1982இலும் உலக விமர்சகர்களின் தலைசிறந்த பத்துப் படங்களின் பட்டியலில் இடம்பெற்றது என்பதையும் சேர்த்து எண்ணிப்பாருங்கள்.

எனவே இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பட்டியல் போடுங்கள். வேகத்துக்காகக் குறைத்தவை ஒரு பக்கம். பொருளை மாற்றியவை மறுபக்கம். கடிதத்தை வைத்து நான் கணிப்பது: பார்சல் காட்சி, கைநாட்டின் பின்பாதி, ஏஜென்டை மன்னிக்கும் பின்னணிக் குரல் மூன்றும் மறுபக்கத்தில் வரும். திரைக்கதையில் அவள் யாரையும் மன்னிக்கவில்லை. நீங்கள் எழுதாத ஒரு மன்னிப்பை உங்கள் பெயரில் அவள் வாயில் வைப்பதுதான் மூன்றிலும் வலுவான புகார்.

ஹார்ட் டிஸ்கை என்ன செய்வது?

யூடியூபில் ஏற்றாதீர்கள். நண்பர்களுக்கு லிங்க் அனுப்புவதும் வேண்டாம். 112 நிமிட வடிவமும் தயாரிப்பாளரின் படம்தான். அதை அவர் அனுமதியின்றிப் பொதுவில் வைத்தால் 63ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. அதைவிடப் பெரிய நஷ்டம், பாதிக்கப்பட்டவர் என்ற இடத்திலிருந்து நீங்கள் இறங்கிவிடுவது. தடையாணை கேட்பவரின் கை சுத்தமாக இருக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கும். திரைக்கதைப் பிரதிகள், தேதியோடு கூடிய மின்னஞ்சல்கள், எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்த ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பதிவுதான் உரிமையைத் தருகிறது என்று எழுதியிருந்தீர்கள், அப்படி இல்லை. எழுதிய அன்றே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு அதற்கு நல்ல சாட்சி.

பெயரை எடுத்துவிடச் சொல்வதைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் படத்தில் பெயர் இல்லாமல் போவது உங்களைத்தான் முதலில் பாதிக்கும். அது வேண்டியிருந்தால் இயக்கத்துக்கு வேறு, எழுத்துக்கு வேறு என்று பிரித்துக் கேட்கலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

வெளியீட்டுக்கு முந்தைய நாள் நீதிமன்றத்துக்கு ஓடினால் தடை கிடைப்பது அரிது. திரையரங்குகள் ஒப்பந்தமாகி, விளம்பரமும் வந்துவிட்ட நிலையில் இழப்பு யாருக்கு அதிகம் என்ற தராசு தயாரிப்பாளர் பக்கம் சாயும்; பணமாக ஈடு செய்யலாம் என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே உடனே ஒரு வழக்கறிஞர் மூலம் 57ஆம் பிரிவின்படி நோட்டீஸ் அனுப்புங்கள். பட்டியலை அதனுடன் இணையுங்கள்.

சான்றிதழ் பெற்றது 112 நிமிடப் படத்துக்கு. மாற்றிய வடிவத்தைத் தணிக்கை வாரியத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் பெறாமல் திரையிடுவது திரைப்படச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி குற்றம். அவர் அதைச் செய்தாரா என்று நோட்டீஸிலேயே கேளுங்கள். ஆனால் வாரியத்துக்குப் புகார் எழுதுவதில் அவசரம் வேண்டாம். உங்கள் இருவருக்கும் இடையே உள்ள தகராறை வாரியம் தீர்க்காது. படம் நின்றுபோகும், மனையை விற்றவர் பேச்சுவார்த்தைக்கே வரமாட்டார்.

அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வணிக வழக்குகளுக்கு முன்னதாகவே மத்தியஸ்தம் கட்டாயம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியிருக்கிறது. வெளியீடு நெருங்கிவிட்டதால் நீங்கள் நேராக நீதிமன்றம் போக வழி இருக்கிறது. ஆனாலும் இயக்குநர்கள் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அங்கே ஒரு முறை உட்கார்ந்து பேசச் சொல்வேன். செலவு குறைவு; தயாரிப்பாளருக்கும் அந்த இடம் பழக்கமானது.

பேசும்போது எல்லாவற்றையும் திருப்பிக் கேட்காதீர்கள். பாடலை விட்டுக்கொடுங்கள். வேகத்துக்காகக் குறைத்த நிமிடங்களையும் விட்டுக்கொடுங்கள். பார்சல் காட்சியும் கைநாட்டின் பின்பாதியும் திரும்ப வர வேண்டும், பின்னணிக் குரல் போக வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக நில்லுங்கள். இரண்டு காட்சிகளையும் சேர்த்தால் ஆறு நிமிடம்கூட வராது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; 97 நிமிடப் படத்தை விற்பதில் எந்த விநியோகஸ்தருக்கும் சங்கடம் இருக்காது. கூடவே, முழு வடிவத்தைத் திரைப்பட விழாக்களுக்கு அனுப்பவும், பின்னாளில் ஓடிடியில் இயக்குநர் பதிப்பாகத் தரவும் எழுத்தில் ஒப்புதல் கேளுங்கள். அதில் வரும் வருமானம் அவருக்கும் சேரும் என்பதால் மறுக்கக் காரணம் குறைவு. திரைக்கதை உரிமை யாரிடம், எவ்வளவு காலம், எந்தெந்த மொழிகளுக்கு என்பதையும் அதே காகிதத்தில் தெளிவாக்கி இருவரும் கையெழுத்திடுங்கள்.

நோட்டீஸுக்குப் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ஒப்பந்தத்தின் மூன்று பக்கங்கள், திரைக்கதைப் பிரதி, காட்சிப் பட்டியல் ஆகியவற்றோடு பதிப்புரிமை வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரைப் பாருங்கள். வெளியீட்டுத் தேதிக்குப் பத்து நாட்களாவது இருக்கும்போது மனு தாக்கலாகிவிட வேண்டும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 62ஆம் பிரிவு இடம் தருகிறது. இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.